ஓநாய் பேசிய தமிழ்

அந்தப் படத்தை நான் மொத்தம் பதினொரு தடவை பார்த்தேன். முதல் தடவை பயந்தேன். ஆறாவது தடவை அழுகை வந்தது. சிரிப்பு வந்தது பத்தாவது தடவையில்தான். இத்தனைக்கும் அது சிரிக்க வைப்பதற்காக எடுக்கப்பட்ட படம்.

கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் பழைய ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுத ஆள் தேடினார்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு போர்டிங் அறையில் இருந்தபடி பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான் விண்ணப்பம் போட்டேன். ஒரு முழுப் படத்துக்கான இணைப்பை அனுப்பினார்கள். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் எழுதித் தரவேண்டும், நன்றாக இருந்தால் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம். மின்னஞ்சலின் கடைசியில் இப்படி இருந்தது: 'இது திகில் படம். ஆனால் பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும். சிரிப்பு வருகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்போம்.'

அது ஓர் ஓநாய் மனிதனைப் பற்றிய படம். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எடுத்தது. ஒரு சின்ன ஊரில் கடிதம் பிரிக்கும் வேலை செய்கிற ஒருவனை மலைப்பாதையில் ஏதோ ஒரு மிருகம் கடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவன் ஓநாயாக மாறுகிறான். அவன் வாடகைக்கு இருப்பது ஒரு கிழவியின் வீட்டில். அவளுக்கு ஞாபகமறதி. பௌர்ணமி வந்தால் அவன் தானாகவே பின்னால் இருக்கும் கரிக் கொட்டிலுக்குள் போய், வெளியே பூட்டச் சொல்லி, சாவியை அவளிடம் கொடுத்துவிடுவான். அவள் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவாள். அவனுடைய உண்மை அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் களவாக நாய் வளர்க்கிறான் என்று சந்தேகப்பட்டு அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். இதுதான் படம். பாதி நேரம் இரத்தம், பாதி நேரம் கிழவியின் ஏச்சு.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுமையாக முடித்த முதல் ஆள். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. ஆனால் கெலிஓயாவில் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'எந்த லயம்' என்ற கேள்வி வரும்.

அதற்குக் காரணம் பிலிமத்தலாவையில் நடந்தது. படிக்கும் காலத்தில் அங்கே ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மா நல்லவர், நிறைய வாசிப்பவர். வந்த நாலாம் நாள், சாப்பாட்டு மேசையில் என் ஊர் எது என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா? நல்லதாப் போச்சு. உங்க பக்கத்துல வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை பார்த்துக் குடுங்களேன். உங்க ஆக்கள் நல்லா வேலை செய்வாங்கதானே."

அவர் அதில் தப்பாக எதையும் நினைக்கவில்லை. நான் எழுந்து என் தட்டைக் கழுவினேன். பக்கத்தில் கிடந்த அவர்களுடைய தட்டுகளையும் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாதக் கடைசியில் அங்கிருந்து போய்விட்டேன்.

அதனால் கெலிஓயாவில் வீட்டுக்கார ஆன்ட்டி கேட்டைத் திறந்தவுடன், "எந்த ஊர் மகள்?" என்று கேட்டபோது பதில் தயாராக இருந்தது.

"வத்தேகம டவுன், ஆன்ட்டி."

"வாப்பா என்ன செய்ற?"

"கந்தோர்ல கிளார்க் வேலை."

அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து தெளிக்கும் வேலை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். ஒரு பொய் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அது தினமும் சாப்பாடு கேட்டது. அம்மா மாலையில் அழைக்கும்போது போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பைப்படிக்கு ஓடுவேன். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசுவேன். அம்மாவிடம் பேசும்போது என் பேச்சு தானாக மாறிவிடும், அதை மற்றவர்கள் கேட்கக்கூடாது. "என்னா பாப்பா, எந்நேரமும் தண்ணிச் சத்தமா இருக்கு? அங்க மழையா?" என்று அம்மா கேட்பார். "ஆமாம்மா" என்பேன்.

ஆன்ட்டி முஸ்லிம். கணவர் இறந்த பிறகு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். மற்ற அறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். வங்கி வேலை, கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். என் அறையின் ஒரே யன்னல் மண் திட்டைப் பார்த்தபடி இருந்தது, எட்டினால் கையில் பாசி ஒட்டும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இணையம் ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். படமோ இணையத்தில்தான் ஓடியது. ஆகவே ஹோலில் உட்கார்ந்து, மற்ற இருவருக்கும் முன்னால்தான் நான் அந்த வேலையைச் செய்யவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. அக்காவுக்கு வங்கி லீவு. காலையிலிருந்து மழை. நான் மடிக்கணினியை டிவியில் பொருத்தி முதல் தடவையாகப் படத்தைப் போட்டேன். அக்கா யன்னல் சேலையை இழுத்து மூடினார். ஆன்ட்டி ஒரு சுளகு நிறையப் பொன்னாங்காணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மத்தியானக் கீரைச் சுண்டலுக்கு. மூன்று பேரும் நிலத்தில் உட்கார்ந்து, நுனி கிள்ளிக்கொண்டே பார்த்தோம். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, நான் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இவன் என்னத்துக்கு அந்தக் கொட்டிலுக்குள்ள போற?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"இன்னைக்குப் பௌர்ணமி ஆன்ட்டி. ஓநாயா மாறப்போறான்."

"எங்களுக்கும் இன்டைக்குப் போயாதானே" என்றார் அக்கா. "எல்லாருக்கும் லீவு, இவனுக்கு மட்டும் டியூட்டி."

ஆன்ட்டி யோசித்துப் பார்த்து, "பாவம் மனிசன்" என்றார். "போயாவுக்கு இறைச்சிக் கடையும் பூட்டு. பொறகு ஆக்களக் கடிக்காம என்ன செய்ற?"

அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். அடுத்த காட்சியில் கிழவி குளியலறை ஓட்டையில் அடைத்திருந்த முடியைக் கொத்தாக இழுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஆன்ட்டி, இது நீங்களே தான். போன கிழமை என்ர தலைமயிரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இப்பிடித்தானே நிண்டனீங்கள்."

"நான் இவ்வளவு கிழடு இல்ல புள்ள" என்றார் ஆன்ட்டி.

பிறகு அந்த மாற்றம் வந்தது. படத்தில் அது நீண்ட நேரம் நடக்கிறது. இசை நின்றுவிட்டது. முதலில் கைதான் மாறியது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், விரல்கள் ஒவ்வொன்றாக நீளுகின்றன, எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது. அவன் மற்றக் கையால் அந்தக் கையை மறைக்கப் பார்க்கிறான், மற்றக் கையும் மாறுகிறது. நான் கண்ணை எடுக்கவில்லை. என் கைகள் சுளகில் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கின்றன, அது எனக்குத் தெரியவில்லை. அவன் தலையை உயர்த்திக் கமராவைப் பார்த்து ஊளையிட்டான்.

ஏதோ ஈரமாக என் தோளை உரசிக்கொண்டு போனது. பின்னால் பொத்தென்று ஒரு சத்தம்.

அக்கா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் பின்னால் பார்த்தார். பொன்னாங்காணி கொத்துக் கொத்தாக அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, கதிரையில் கிடந்தது, தரையில் சிதறியிருந்தது. ஒரு பிடி இல்லை, நாலைந்து பிடி இருக்கும். கை நிறைய நிறைய நான் தோளுக்கு மேலால் பின்னே போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"என்னடி இது? ஓநாய்க்குப் படையலோ?" என்று அக்கா சிரிக்கத் தொடங்கினார்.

தேயிலை மலையில் கூடை முதுகில் தொங்கும். இரண்டு கையாலும் கிள்ளி, பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் போடுவோம். பள்ளிக்கூட விடுமுறைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். பயத்தில் என் தலை படத்திலும், கை மலையிலும் இருந்திருக்கிறது.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது, அவர் மலையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர். ஆன்ட்டி மலைநாட்டுக் கெலிஓயாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"கொழுந்துக் கை" என்றார்.

டிவியில் கிழவி சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வத்தேகமயில எந்தத் தோட்டம், மகள்?"

அப்போது சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"தோட்டம் இல்ல ஆன்ட்டி. டவுன்லதான் வீடு."

"சரி" என்றார் அவர். எழுந்துபோய் அலுமாரிக் கண்ணாடியிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுளகில் போட்டார். நான் உதவிக்குப் போகவில்லை.

அன்று மத்தியானம் முதல் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா? ஆன்ட்டிக்கு முழங்கால் வருத்தம். கூட்டுவதற்கு ஆளில்லை என்று அவர் புலம்பாத நாள் இல்லை. எப்படியும் கேட்பார். கேட்டால் இந்த வீட்டிலிருந்தும் போகவேண்டும். போவதற்குக் காசு வேண்டும். காசுக்கு வேலை வேண்டும். வேலைக்கு, திங்கட்கிழமை நாலு மணிக்குள் ஓர் ஓநாயால் ஆட்களைச் சிரிக்க வைக்கவேண்டும்.

சனிக்கிழமை முழுவதும் எழுதினேன். சப்டைட்டிலில் ஒரு தடவைக்கு இரண்டு வரிகள்தான், ஒவ்வொன்றும் நாற்பது எழுத்துக்குள் இருக்கவேண்டும். அதற்குள் ஒருவர் வாசித்தும் முடிக்கவேண்டும். நல்ல தமிழில் எழுதினேன். எனக்கு நல்ல தமிழ் எழுத வரும், அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் நான். மாலையில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டிலுக்குள்ளிருந்து அவன் கிழவியிடம் கெஞ்சும் இடம்:

'அம்மையாரே, தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம். இன்று எனக்கு உடல்நலம் சற்றுக் குறைவாக உள்ளது.'

அக்கா அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். "ஓம், சொல்லும்."

"அவ்வளவுதான் அக்கா. இது பகிடி."

"பகிடியோ?" அவர் மனம் நோகாமல் சொல்லப் பார்த்தார். "பிழையில்லை. வடிவான தமிழ். ஆனா இவன் செய்தி வாசிக்கிற ஆள் மாதிரியெல்லோ இருக்கிறான். செய்தி வாசிக்கிறவனை நாய் கடிச்சா ஆருக்கு என்ன?"

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் சொன்னது சரி. அந்த மனிதன் தன் வாழ்க்கையில் யாரையும் அதட்டாதவன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பவன். நகம் முளைக்கும்போதுகூட, 'சத்தத்துக்கு மன்னிக்கவும்' என்று கிழவியிடம் சொல்கிறவன். அந்த மாதிரி மனிதன் தமிழில் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். முதல் தடவையே தெரியும். அதனால்தான் அந்தக் குரலைக் காதில் விழவிடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா அப்படித்தான் பேசுவார். வேலைக்குப் பிந்திப்போன ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏசியபோது, "மன்னிச்சுக்கங்க ஐயா, காலு ரெண்டும் வேற வேற நேரத்துக்கு எந்திரிச்சிருச்சு" என்றாராம். கணக்கப்பிள்ளை ஏசுவதை மறந்துவிட்டுச் சிரித்தாராம். கூரை ஒழுகும் நாட்களில் பாத்திரம் வைத்துக்கொண்டே, "இந்த மழைக்கு மத்த வீடெல்லாம் புடிக்காது போல" என்பார். தப்பித்துப் போக இடமில்லாத ஆட்கள் பேசும் பகிடி அது. ஏசுகிறவனையும் சிரிக்க வைத்து அன்றைய நாளைக் கடத்துவது. நான் அந்தப் பேச்சிலிருந்து வெளியே வரத்தான் இவ்வளவு படித்தேன். இப்போது படிப்புக்குரிய வேலை கிடைக்க அந்தப் பேச்சுத்தான் வேண்டியிருந்தது. அதை எழுதினால் ஹோலில் டிவியில் ஓடும். ஆன்ட்டி பார்ப்பார், 'கொழுந்துக் கை' என்று சொன்ன ஆன்ட்டி. எழுதாவிட்டால் வேலை இல்லை.

ஹோலுக்குத் திரும்பி ஆறாவது தடவை பார்த்தேன். படத்தின் கடைசியில் அவனுக்கு மருந்து கிடைத்துவிடுகிறது. அடுத்த பௌர்ணமி வருகிறது, கையில் ஒரு மயிர்கூட முளைக்கவில்லை. ஆனாலும் அவன் கரிக் கொட்டிலுக்குப் போய், மூலையில் உட்கார்ந்து, யாராவது வந்து பூட்டட்டும் என்று காத்திருக்கிறான். இதுவும் பகிடிதான். எனக்கு அங்கே அழுகை வந்தது. பைப்படியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிற ஒருத்தியை நான் அறிவேன்.

ஞாயிறு காலை ஆன்ட்டி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கூப்பிட்டார்.

"மகள், ஒரு விசயம் கேக்கோணும் ஒங்கள்ட்ட."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "சொல்லுங்க ஆன்ட்டி."

அந்த நேரம் பாண், பணிஸ் விற்கிறவரின் வண்டி வாசலில் இசை போட்டது. ஆன்ட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்து போனார். "பொறகு கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீரைக் குடிக்காமல் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன்.

எப்படியும் கேட்கத்தான் போகிறார். அப்படியென்றால் மறைத்து என்ன ஆகப்போகிறது? கோபம் வந்தது. கோபத்தோடு போய் உட்கார்ந்து ஓநாயின் வரிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

'அம்மா, கதவத் தொறந்துறாதீங்க. இன்னைக்கு எனக்கு மனுசத்தனம் கொஞ்சம் கொறைவா இருக்குங்க.'

முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழவி ஏசும் இடத்தில்:

'மாசத்துல ஒரு நாளுதாங்க கொட்டுது. மத்த நாளெல்லாம் நானும் உங்கள மாதிரிதாங்க.'

நகம் முளைக்கும் இடத்தில்:

'சத்தம் வந்தா மன்னிச்சுக்கங்கம்மா. எலும்புதான். வேற ஒண்ணும் இல்ல.'

அவன் வாயில் அப்பாவின் பேச்சு ஒட்டிக்கொண்டது, ஏற்கெனவே அங்கே இருந்த மாதிரி. எழுதி முடித்துப் போட்டுப் பார்த்தேன், அது பத்தாவது தடவை. தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசிக்க நேரம் போதுமா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்கு வேறு ஆட்கள் வேண்டும். இருவரையும் கூப்பிட்டேன். டிவியில் எழுத்து ஓடத் தொடங்கியது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'மனுசத்தனம் கொறைவா இருக்குங்க' என்ற இடத்தில் அக்கா வெடித்துச் சிரித்தார். ஆன்ட்டி மெதுவாகத்தான் வாசிப்பார், உதடு அசையும். அவருக்கு ஒரு நொடி பிந்திச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலும்பு முறிகிற இடத்தில் பயந்து அக்காவின் கையைப் பிடித்தார், பிடித்தபடியே சிரித்தார்.

"இவன் நல்லாப் பேசுற" என்றார் ஆன்ட்டி. "அந்தக் கிழவி மட்டும் ஏன் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஏசுற? நானென்டா இப்பிடிச் சொல்லுவன்: 'வாடகைக்கு வந்தது ஒராள். இப்ப ஊட்டுல ஈக்கிறது ஒன்டரை ஆள். அந்த அரை ஆளுக்கும் காசு வை.'"

படம் முடிந்தது. அக்கா யன்னல் சேலையைத் திறந்தார். வெளிச்சம் வந்ததும் எனக்குத் தெரிந்தது, இனி கேள்வி வரும் என்று.

"இது உம்மட பேச்சு இல்லையே" என்றார் அக்கா. "நீர் இப்பிடிப் பேசி நான் கேக்கேல்லை. ஆரைப் பார்த்து எழுதினனீர்?"

"எங்க அப்பாவை."

"அப்பா கந்தோரிலயெல்லோ?"

"இல்லக்கா." டிவியை அணைத்தேன். "தோட்டத்துல மருந்தடிக்கிறாரு. அம்மா கொழுந்து எடுக்குறாங்க. எங்க வீடு டவுன்ல இல்ல. லயத்துல."

ஆன்ட்டி சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதை ஏன் எங்களுக்கு ஒளிச்சனீர்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு வரிக்குள் அடங்கும் பதில் இல்லை. பிலிமத்தலாவையைச் சொல்லப் போனால், ஆன்ட்டி கேட்கப்போகும் கேள்வியை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து மேசையில் கிடந்த போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா முந்தியே அழைப்பார்.

பழக்கத்தில் எழுந்து பின்கதவு வரைக்கும் போய்விட்டேன். கதவில் கை வைத்தபோது அந்தக் கொட்டில் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"என்னாம்மா?"

"என்னா பாப்பா, இன்னைக்கு தண்ணிச் சத்தத்தையே காணோம்?"

"மழ விட்டுருச்சும்மா."

"சாப்புட்டியா? படத்த எழுதி முடிச்சிட்டியா? ஒங்கப்பா ஒரே கேள்வி, எந்த டிவியில வரும், என்னைக்கு வரும்னு."

"அவரப் பத்தித்தான் எழுதியிருக்கேன்னு சொல்லுங்க."

"என்னான்னு?"

"ஓநாய்னு."

அம்மா சிரித்த சத்தம் ஹோல் முழுக்கக் கேட்டிருக்கும். மலையில் இந்தப் பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்து அந்தப் பக்கத்து நிரைக்குப் பேசிப் பழகிய குரல் அது. ஆன்ட்டி கையை நீட்டினார்.

"உம்மாவா? தாங்க மகள் இங்க. நான் ஒரு விசயம் கேக்கோணும் என்டு நேத்திலிருந்து ஈக்கிறன்."

போனைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே, அலுமாரிக் காலோடு, வெள்ளிக்கிழமை தப்பிப்போன ஒரு பொன்னாங்காணி நுனி வாடிக் கிடந்தது.

ஆன்ட்டி முதலில் சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று தடுமாறி, இரண்டையும் சொன்னார். சுகம் விசாரித்தார். ஒங்கட மகள் நல்ல புள்ள, ராவாகினா வெளியே போறதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவி கேக்கோணும். ஒங்கட பக்கத்துல கேட்டா கிடைக்கும் என்டுதான் கேக்கிறன். பிழையா நினைக்கப்படாது."

நான் அந்த வாடிய நுனியைப் பொறுக்கி எடுத்தேன்.

"ஒங்களுக்குத் தோட்டத்தில தேயிலைத் தூள் குடுக்கிறதானே? எங்களுக்கு இந்தக் கடைத் தூள்ல சாயமே இறங்குதில்ல. மகள் வாற நேரம் ஒரு கால் கிலோ குடுத்தனுப்ப ஏலுமா? சல்லி தாரன்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. அக்கா என்னைப் பார்த்துப் பயந்தே போனார். சிரிப்புக்குள் ஒரு கோபமும் இருந்தது. மறைத்தது வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் என் தோட்டத்திலிருந்து இவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் அவர் கேட்டது தூள்தான். ஆளைக் கேட்கவில்லை. மறுமுனையில் அம்மா, காசெல்லாம் வேண்டாம், ஒரு கிலோவே தருகிறேன் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை எனக்குப் பழக்கமானதுதான்.

"ஏன் சிரிக்கிற?" என்று போனைத் தந்தபடி ஆன்ட்டி கேட்டார். "டவுன்ல ஈக்கிற ஆக்கள்ட்ட இதக் கேக்கேலுமா? காலையில கேக்க வந்தும் வாய் வரல்ல. நீங்களே சொல்லும் மட்டும் பார்த்துக்கொண்டு ஈந்தன்."

பிலிமத்தலாவைக் கதையை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் என்றாவது ஒருநாள் அந்தக் கேள்வியையும் கேட்கலாம். முழங்கால் வருத்தம் கூடினால் கேட்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சில காலைகளில் அவர் குசினியிலிருந்து "மகள்" என்று கூப்பிடும்போது இப்போதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் போகிறேன். போனை மட்டும் ஹோலிலேயே எடுக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கிழவியின் வரிகளை மாற்றினேன். ஆன்ட்டி கதிரையில் உட்கார்ந்து ஏசிக் காட்டினார், நான் எழுதிக்கொண்டேன். 'பௌர்ணமி' என்றிருந்த இடங்களில் எல்லாம் 'போயா' என்று போடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அந்த ஊரில் போயா ஏது? ஒரே ஓர் இடத்தில் மட்டும், அவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடத்தில், போட்டேன். பதினோராவது தடவை பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. திருத்தங்கள் கொஞ்சம் இருந்தன. போயாவை எடுக்கச் சொன்னார்கள். ஓநாயின் பேச்சை மாற்றச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அதைப் பற்றிக் கீழே ஒரு கேள்வி மட்டும் இருந்தது: 'அந்த ஆளின் பேச்சு மிகவும் நன்றாக இருக்கிறது. அது எந்த ஊர்ப் பேச்சு?'

கை பழக்கத்தில் 'வத்தேகம' என்று தட்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் என்று சொல்ல முடியாது, தோட்டத்துக்குப் பஸ் அங்கேதான் ஏறவேண்டும். குசினியில் ஆன்ட்டி அம்மாவின் தூளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், மணம் ஹோல் வரைக்கும் வந்தது. தட்டியதை அழித்துவிட்டுத் தோட்டத்தின் பெயரை எழுதினேன். அதற்கடியில், தோட்டத்தில் எங்கள் பிரிவான 'கீழ் டிவிசன்' என்று எழுதினேன். அவர்கள் கேட்கவே இல்லை, இருந்தாலும் லயத்தின் இலக்கத்தையும் எழுதி அனுப்பினேன்.